அஞ்சரைக்குள்ள வண்டி: எல்லைப்புறத்தில் ஒரு திரைப்பட வகையின் வாழ்வு

‘மலையாளப் படம்’ என்ற சொற்றொடர், 1970களின் இறுதி தொடங்கி ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம், தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் ஒரு பொருளிலும் கன்னியாகுமரி மாவட்டத்தில் வேறொரு பொருளிலும் வழங்கிவந்தது. மதுரையிலோ சேலத்திலோ ஒரு கொட்டகையில் மலையாளப் படம் ஓடுகிறது என்றால், வயதுவந்தோர் மட்டுமே பார்க்கத்தக்கது என்று தணிக்கை வாரியம் ‘ஏ’ சான்று வழங்கிய, பெண்ணுடலையும் படுக்கையறைக் குறும்பையும் நம்பிச் சிறு முதலில் எடுக்கப்பட்ட படம் ஒன்று ஓடுகிறது என்று கேட்டவர் புரிந்துகொண்டார். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ அதே சொல்லைக் கேட்டவருக்குச் சத்யனும் பிரேம் நசீரும் நடித்த குடும்பப் படங்களும், 1965இல் வெளிவந்த ‘செம்மீன்’ போன்ற படங்களும் முதலில் நினைவுக்கு வந்தன. மற்றைய பொருள் அதற்கு அடுத்தபடியாகவே வந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது ஆட்சி எல்லை களியக்காவிளையில் வந்து நின்றதே தவிர, காதும் நாவும் அந்த எல்லையில் நிற்கவில்லை. ஆகவே, தமிழகம் முழுவதும் மறைபொருளாகக் கேட்ட ஒரு மொழியை நேர்ப்பொருளாகவே கேட்டு வளர்ந்த மக்கள் இந்த ஒரு மாவட்டத்தில் இருந்தார்கள் என்பது, இந்தத் திரைப்பட வகையை ஆராய்வோர் கணக்கில் கொள்ள வேண்டிய முதற்செய்தி.

நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கிறார். அவையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் பொருள் விளங்கப் பேசிக்கொள்வது குழூஉக்குறி. ‘மலையாளப் படம்’, ‘பிட்டுப் படம்’, ‘காலைக் காட்சி’, கேரளத்தில் வழங்கிய ‘உச்சப்படம்’, ‘துண்டு’ ஆகிய யாவும் இடக்கரடக்கலாகத் தொடங்கிக் குழூஉக்குறியாக முடிந்த சொற்கள். உச்சப்படம் என்பது உச்சிப் பொழுதில், அதாவது பன்னிரண்டு மணியை ஒட்டிக் காட்டப்படும் படம். நண்பகலை இன்றும் ‘உச்சை’ என்றே சொல்லும் கல்குளம், விளவங்கோடு மக்களுக்கு அந்தச் சொல்லில் விளங்காதது எதுவுமில்லை. ஒரு திரைப்பட வகைக்கு அதன் பொருளைக் கொண்டு பெயரிடாமல், அது திரையிடப்படும் நேரத்தையும் அது வந்த மொழியையும் கொண்டே பெயரிட்டது சமூகத்தின் கூச்சம். அந்தக் கூச்சத்திலிருந்தே இவ்வகைப் படங்களின் சிரிப்பும் பிறந்தது என்பதே இச்சொற்பொழிவின் மையக் கருத்து.

உலகத் திரைப்பட வரலாற்றில் இவ்வகைக்கு ‘செக்ஸ்ப்ளாய்டேஷன்’ என்று பெயர். ‘எக்ஸ்ப்ளாய்டேஷன்’ என்ற சொல்லுக்குச் சுரண்டல் என்று இன்று பொருள் கொள்ளப்பட்டாலும், அமெரிக்கத் திரைத்தொழிலில் அது தொடக்கத்தில் விளம்பரத் தந்திரத்தையே குறித்தது: பெரிய நடிகரோ பெரிய முதலோ இல்லாத ஒரு படத்தை, பார்வையாளரின் ஆவலைக் கிளறும் ஒரே ஒரு பொருளைச் சுவரொட்டியில் முன்னிறுத்தி விற்பது. ரஸ் மேயர் 1959இல் எடுத்த ‘தி இம்மாரல் மிஸ்டர் டீஸ்’ அமெரிக்காவில் இதற்குப் பாதை போட்டது. அது ஒரு நகைச்சுவைப் படம் என்பது கவனிக்கத்தக்கது. பிரிட்டனில் 1958இல் தொடங்கிய ‘கேரி ஆன்’ வரிசை இரட்டைப் பொருள் வசனத்தையே கலையாக்கியது. 1974இல் வந்த ‘கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ விண்டோ கிளீனர்’ அதைப் படுக்கையறை வரைக்கும் கொண்டுசென்றது. இத்தாலி, மேற்கு ஜெர்மனி, பிரேசில் ஆகிய நாடுகளிலும் 1970களில் இதே வகை செழித்தது. தணிக்கை தளர்ந்தும் தளராமலும் இருக்கும் இடைக்காலத்தில், தொலைக்காட்சி வீட்டுக்குள் புகுந்து கொட்டகைகளைக் காலியாக்கும் நேரத்தில், திரைத்தொழில் இந்த வழியில் பிழைத்துக்கொள்ளப் பார்த்தது. கேரளத்தில் நிகழ்ந்ததும் ஏறத்தாழ இதுவே.

மலையாளத்தில் இந்த வரலாறு இழிவான படங்களில் தொடங்கவில்லை. 1978இல் ஐ.வி. சசி இயக்கத்தில் சீமா நடித்த ‘அவளுடெ ராவுகள்’ ஒரு பாலியல் தொழிலாளியின் வாழ்வைப் பரிவோடு சொன்ன படம். அதே ஆண்டில் பத்மராஜன் எழுதிப் பரதன் இயக்கிய ‘ரதிநிர்வேதம்’, விடலைப் பருவத்து ஆண் ஒருவன் தன்னைவிட வயதில் மூத்த பெண்மீது கொள்ளும் மயக்கத்தையும் அதன் துயர முடிவையும் சொன்னது. நிர்வேதம் என்பது நாட்டிய சாத்திரம் கூறும் முப்பத்து மூன்று சஞ்சாரி பாவங்களுள், அதாவது வந்து போகும் மனநிலைகளுள், முதலாவது. பற்றறுந்த சோர்வைக் குறிப்பது. காமத்தையும் அதன் சோர்வையும் ஒரே தொடராகக் கோத்த அந்தத் தலைப்புக்கு இணையான தலைப்பு அந்த ஆண்டுகளின் இந்தியத் திரைப்படங்களில் அரிது. எனினும் எல்லைக்கு இப்பால் வந்தபோது, இவ்விரு படங்களும் அவற்றின் கதைக்காகவன்றிச் சுவரொட்டிக்காகவே பார்க்கப்பட்டன. மொழி விளங்காத பார்வையாளர் வசனத்தைக் கேட்பதில்லை. அவர் உருவத்தைப் பார்க்கிறார், அடுத்த உருவத்துக்குக் காத்திருக்கிறார். நல்ல படமும் கீழான படமும் ஒரே பட்டியலில் சேர்ந்தது இவ்வாறுதான். பத்மராஜனின் நுட்பமான எழுத்துக்கு நேர்ந்த இந்த அநீதியைத் தமிழ்த் திரை விமர்சனம் இன்னும் முழுமையாகப் பேசவில்லை.

குமரி மாவட்டம் இந்த அநீதியில் பாதிக்கு மட்டுமே பங்காளி. ‘ராவு’ என்பது இங்குள்ள முதியோர் பலருக்குத் தாய்மொழிச் சொல். ‘ராவுகள்’ என்று தலைப்பில் கண்டால் இரவுகள் என்று படித்துவிட்டுப் போவார்களேயன்றி அதில் மர்மம் தேடமாட்டார்கள். இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு 1989இல் வெளியான ‘அஞ்சரைக்குள்ள வண்டி’. தமிழ்நாட்டில் இந்த வகைப் படங்கள் அனைத்துக்கும் ஒரு பொதுப்பெயர் போலவே ஆகிவிட்ட தலைப்பு அது. இணையக் கேலிப் படங்களில் இன்றும் வருகிறது. படத்தைப் பார்த்தேயிராத இளைஞரும் அந்தத் தலைப்பைச் சொல்லிச் சிரிக்கிறார். அந்தத் தொடரின் நேர்ப்பொருளோ ‘ஐந்தரை மணிக்கு உள்ள வண்டி’ என்பது மட்டுமே. தக்கலைப் பேருந்து நிலையத்தில் நிற்கும் ஒருவர் இன்னொருவரிடம் ‘அஞ்சரைக்குள்ள வண்டி போயாச்சா?’ என்று கேட்டால், கேட்கப்பட்டவர் சிரிக்க வேண்டியதில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தால் போதும். கோயம்புத்தூரில் அதே தொடர் கேட்பவரைக் கூச்சத்தோடு புன்னகைக்க வைத்தது. சொல்லில் இல்லாத ஆபாசத்தைக் கேட்பவரின் அறியாமை சொல்லுக்குள் புகுத்தியது. பாலியல் நகைச்சுவையின் இயக்கவிதி முழுவதும் இந்த ஒரு தலைப்பில் அடங்கியிருக்கிறது: சொல்பவர் எதையும் சொல்வதில்லை, கேட்பவரே சொல்லை முடித்துக்கொள்கிறார், முடித்த குற்றவுணர்வில் சிரிக்கிறார்.

இந்த விதி தமிழ் மரபுக்குப் புதியது அன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் பெருகிய விறலிவிடு தூது என்னும் சிற்றிலக்கிய வகையில், மனைவியோடு ஊடிப் பிரிந்து செல்லும் ஆண்மகன் ஒருவன் தாசி வீட்டில் அகப்பட்டு, அவளுடைய தாய்க்கிழவியின் சூழ்ச்சியால் கைப்பொருள் அனைத்தையும் இழந்து, வெறுங்கையோடு நின்று, மனைவியிடம் விறலியை, அதாவது ஆடிப்பாடும் பெண்ணை, தூது அனுப்புகிறான். சுப்பிரதீபக் கவிராயரின் ‘கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூது’ இவ்வகையில் பெயர்பெற்றது. நூலின் பெரும்பகுதி சிற்றின்பச் சிலேடைகளும் ஏமாந்தவனின் புலம்பலுமாக அமைய, முடிவில் இல்லறம் நிலைநாட்டப்படும். நீதியைச் சொல்வதற்காகவே அத்தனையும் சொல்லப்பட்டது போன்ற தோற்றம் நூலைக் காக்கும். 1976இல் கே. பாலசந்தர் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்து, ‘ஏ’ சான்றோடு வெளிவந்த ‘மன்மத லீலை’யின் கட்டமைப்பும் இதுவே: மணமான ஒருவன் பெண்கள் பலரை நாடி அலைந்து, இடறி, இறுதியில் மனைவியிடம் திரும்புகிறான். வெளியான காலத்தில் கண்டனத்துக்கு உள்ளான அந்தப் படம் பிற்காலத்தில் மீண்டும் மீண்டும் பார்க்கப்பட்ட படமாக ஆனதற்கு, கமல்ஹாசனின் இளமைத் துடுக்கோடு இந்தப் பழைய கட்டமைப்பின் பழக்கமும் ஒரு காரணம் என்று கொள்ளலாம். 1983இல் கே. பாக்யராஜின் ‘முந்தானை முடிச்சு’ முருங்கைக்காயைக் கொண்டு செய்தது அதைவிட நுட்பமானது. அப்படத்தில் யாரும் எதையும் காட்டவில்லை. ஒரு காய்கறி தமிழ்நாடெங்கும் இரட்டைப் பொருள் பெற்றது. அப்படத்தைக் குடும்பங்கள் ஒன்றாக அமர்ந்து பார்த்தன. இடக்கரடக்கல் இவ்வளவு முழுமையாக வெற்றிபெற்ற நிகழ்வு தமிழ்த் திரையில் வேறில்லை என்றே சொல்லலாம்.

‘ஏ’ என்ற எழுத்தின் வரலாற்றையும் இங்கே குறிப்பிடுவது பொருந்தும். தமிழில் அந்தச் சான்றைப் பெற்ற முதற்படம் 1951இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘மர்மயோகி’. அதற்குக் காரணம் காமம் அன்று. அதில் வரும் பேய்க்காட்சிகள். பிள்ளைகள் அஞ்சிவிடக்கூடாது என்பதற்காக இடப்பட்ட எழுத்து, 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்கீழ் நாடு முழுவதற்கும் பொதுவாகி, பின்னர் முப்பது ஆண்டுகளுக்குள் வட்டத்துக்குள் சிவப்பில் அச்சிடப்பட்டு, சுவரொட்டியின் மிகப் பெரிய கவர்ச்சியாக மாறியது. விலக்குவதற்காக வைக்கப்பட்ட அடையாளம் அழைப்பிதழாகியது. படம் தொடங்கும்முன் திரையில் தோன்றும் தணிக்கைச் சான்றைப் பொதுவாக யாரும் படிப்பதில்லை. இந்தக் காட்சிகளில் மட்டும் அதற்கு விசில் எழுந்தது. சான்றின் கீழ்ப்பகுதியில் ஒரு முக்கோணக் குறி இருந்தால் அந்தப் படத்தில் வெட்டுகள் உண்டு என்று பொருள். அந்தக் குறியைக் கண்டதும் ‘வெட்டியதை இங்கே ஒட்டியிருப்பார்களா’ என்பதே வழக்கமாக வந்துபோனவர் மனத்தில் எழுந்த கேள்வி.

அந்த ஒட்டு வேலையே ‘பிட்டு’. முப்பத்தைந்து மில்லிமீட்டர் படச்சுருள் நொடிக்கு இருபத்துநான்கு சட்டகங்களாக, நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி நீளமாக ஓடும். ஆயிரம் அடி ரீல் ஒன்று பதினொரு நிமிடம். அப்படியானால் இரண்டு நிமிடப் பிட்டு என்பது நூற்றெண்பது அடி. சுருட்டினால் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுபோகத்தக்க ஒரு சிறு வட்டு. ஆபரேட்டர் அறையில், அதாவது படம் ஓட்டுபவரின் அறையில், ரீலை ஓரிடத்தில் வெட்டி, இரு முனைகளின் மேற்பூச்சைச் சுரண்டி, பசையிட்டு அழுத்தி இந்த வட்டை இடையில் சேர்த்துவிட்டால், தணிக்கை வாரியம் பார்த்த படமும் கொட்டகையில் ஓடும் படமும் வெவ்வேறாகிவிடும். சான்று பெற்றபின் படத்தை மாற்றுவது திரைப்படச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். சோதனை வந்தால் வட்டு மறைந்துவிடும், படம் மட்டும் இருக்கும். திரையில் அது எப்படித் தோன்றியது என்பதைத் துல்லியமாக நினைவுகூர்வது பயனுடையது. தேயிலைத் தோட்டத்தில் இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது படம் ஒருமுறை துள்ளும். ஒலி அறுந்து இரைச்சலாகும். வண்ணம் பச்சையிலிருந்து செம்மஞ்சளாக மாறும். கதையோடு தொடர்பே இல்லாத, வேறு நாட்டுப் படத்திலிருந்துகூட வெட்டியெடுத்த, முகம் தெரியாத உடல்கள் சில நொடிகள் தோன்றும். மீண்டும் ஒரு துள்ளல். தேயிலைத் தோட்டத்து உரையாடல் விட்ட சொல்லிலிருந்து தொடரும். அவ்வளவு நேரம் மூச்சடங்கியிருந்த அரங்கு அந்த இரண்டாம் துள்ளலில்தான் வாய்விட்டுச் சிரிக்கும். சிரிப்புக்குக் காரணம் திரையில் இருந்த நகைச்சுவை அன்று. எல்லோரும் ஒரே நேரத்தில் அகப்பட்டுக்கொண்டதும், ஒருவரையும் ஒருவர் காட்டிக்கொடுக்கப் போவதில்லை என்பதும். வங்காளதேசத்தில் இதே வழக்கம் ‘கட்-பீஸ்’ என்ற பெயரில் இருந்ததை லோட்டே ஹூக் என்ற மானுடவியலாளர் 2014இல் ஒரு முழு நூலாக எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டுக் கொட்டகைகளைக் குறித்து அத்தகைய நூல் ஒன்று தமிழில் வரவேண்டும்.

பார்த்தவற்றை ஒரு படமாக நினைவில் வைக்காமல் துண்டுகளாகவே நினைவில் வைத்திருப்பதுதான் ‘கல்ட்’ படத்தின் இலக்கணம் என்று உம்பர்த்தோ எக்கோ ‘காசாபிளாங்கா’ குறித்த கட்டுரையில் வாதிட்டார். கல்ட் என்பது ஒரு சிறு கூட்டத்தார் ஒரு படத்தை வழிபாட்டுக்கு நிகரான பற்றோடு பேணுவது. அதற்கு அந்தப் படம் குறையற்றதாக இருக்கத் தேவையில்லை, உடைத்தெடுக்கத் தக்கதாக இருந்தால் போதும் என்பது அவர் கருத்து. காலைக் காட்சிப் படங்களோ பிறரால் உடைக்கப்படும்வரை காத்திருக்கவில்லை; உடைந்த நிலையிலேயே வந்தன. ஒரே படம் குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊரில் ஒரு வடிவிலும் நெல்லையில் வேறு வடிவிலும் ஓடியது. முதலும் முடிவும் இல்லாமல் பார்த்தவர்களே மிகுதி. ஆகவே அவை குறித்த நினைவு கதையாக இல்லாமல் தலைப்பாகவும், சுவரொட்டியாகவும், ஒரு நடிகையின் பெயராகவும், வெளியே வரும்போது தெரிந்தவர் கண்ணில் படாமல் தலையைத் துவாலையால் மூடிக்கொண்ட செயலாகவும் எஞ்சியது.

இத்தனைக்கும் பின்னாலிருந்த வணிகம் எளியது. 1988இல் பி. சந்திரகுமார் இயக்கிய ‘ஆதிபாபம்’ ஆதாம் ஏவாள் கதையை முன்வைத்து மறைவான உடலைத் திரைக்குக் கொண்டுவந்து பெரும் வசூல் கண்டது. அதைத் தயாரித்தவர், பின்னாளில் தமிழில் குடும்பப் படங்களுக்குப் பெயர்பெற்ற ஆர்.பி. சௌத்ரி. 1989இல் சில்க் ஸ்மிதா நடித்த ‘லயனம்’ வந்தது. அதன்பின் சற்று ஓய்ந்திருந்த அலை, பெரிய நடிகர்களின் படங்கள் தொடர்ந்து தோற்று, கேரளத்துக் கொட்டகைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டுவந்த நேரத்தில், 2000ஆம் ஆண்டில் ஆர்.ஜே. பிரசாத் இயக்கிய ‘கின்னாரத்தும்பிகள்’ வாயிலாக மீண்டும் எழுந்தது. கின்னாரம் என்பது கொஞ்சலான சிறுபேச்சு. தும்பி இரு மொழிக்கும் பொது. சில இலட்ச ரூபாயில் எடுக்கப்பட்ட அந்தப் படம் கோடிகளை ஈட்டியது. இந்திய மொழிகள் பலவற்றுக்கு மாற்றப்பட்டது. அதில் நடித்த ஷகீலாவின் பெயரைத் தென்னாட்டின் எல்லா ஊருக்கும் கொண்டுசென்றது. அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளை மலையாள இதழ்கள் ‘ஷகீலா தரங்கம்’, அதாவது ஷகீலா அலை, என்றே அழைத்தன. இந்தக் காலத்தைத் தர்ஷனா ஸ்ரீதர் மினி தம் ‘ரேட்டட் ஏ’ (2024) என்ற ஆய்வுநூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இந்தப் படங்களை வெறும் அருவருப்பாகவோ வெறும் வேடிக்கையாகவோ ஒதுக்காமல், அவற்றில் உழைத்தவர்களின் தொழில் வாழ்வாகவும் பார்த்தது அந்நூலின் சிறப்பு.

ஷகீலா 1995இல் ‘ப்ளே கேர்ள்ஸ்’ என்ற தமிழ்ப் படத்தில், சில்க் ஸ்மிதா நடித்த அதே படத்தில், அறிமுகமானவர். திரை வகுத்த நாயகி அளவுகளுக்குள் அடங்காத உடல்வாகு கொண்ட ஒரு பெண், ஆண் நட்சத்திரம் எவருடைய துணையும் இல்லாமல், தம் பெயரை மட்டும் கொண்டு கொட்டகைகளை நிரப்பினார் என்பது மலையாளத் திரையில் அதற்குமுன் நிகழாதது. அந்தப் பணத்தில் கொட்டகை உரிமையாளர், விநியோகஸ்தர், முறுக்கு விற்றவர் வரை அனைவரும் பிழைத்தனர். பழி மட்டும் ஒரு பெண்ணின் பெயரில் எழுதப்பட்டது. தாம் நடிக்காத காட்சிகளில் பதிலிகள், அதாவது டூப்புகள், பயன்படுத்தப்பட்டதாக அவர் கூறியிருக்கிறார். ஆபரேட்டர் அறையில் ஒட்டப்பட்ட முகமற்ற துண்டுகளையும் பார்வையாளர் அவருடைய உடலாகவே நினைவில் வைத்துக்கொண்டனர். இந்த வகையின் ஆகக் கொடிய வன்முறை இதுவே: வேறொருவரின் உடலை ஒருவரின் பெயரில் ஏற்றிவிட்டு, அவரைத் தெருவில் தலைநிமிர விடாமல் செய்வது.

பாலியல் நகைச்சுவை என்று, நகைச்சுவை என்ற சொல்லை ஒரு வகையின் பெயரில் சேர்க்கும்போது, யாரைப் பார்த்து யார் சிரித்தார் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்து, வில்லுப்பாட்டை மேடைக்கும் திரைக்கும் கொண்டுசென்ற கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், டி.ஏ. மதுரத்தோடு நடித்த கணவன்–மனைவி நகைச்சுவைகளில் பெண்ணே பெரும்பாலும் வெல்வார். ஆணின் அசட்டுத்தனமே சிரிப்புக்கு இலக்காகும். விறலிவிடு தூதிலும் ஏமாந்த ஆணே கோமாளி. காலைக் காட்சிப் படங்களில் நல்லவை என்று சொல்லத்தக்க சிலவற்றிலும் இந்தப் பண்பு உண்டு: சன்னல் வழியே எட்டிப்பார்த்து விழுபவனும், சுவரேறிக் குதித்து நாயிடம் அகப்படுபவனும், ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு இரவில் கதவைத் தட்டும் பெரிய மனிதனும் ஆண்களே. பார்வையாளர் தம் சொந்த அசட்டுத்தனத்தைத் திரையில் கண்டு சிரித்த கணங்கள் அவை. அந்தக் கணங்களுக்காக இப்படங்களை மீண்டும் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அலை உயர உயர, கோமாளி ஆண் குறைந்து, சிரிப்பு பெண்ணின் உடலைநோக்கித் திரும்பியது. வன்புணர்வைக்கூட வேடிக்கையாகக் காட்டிய படங்கள் வந்தன. அவற்றைப் பழமையின் பெயரால் மன்னிக்க முடியாது. 2017இல் ‘ஹர ஹர மஹாதேவகி’, 2018இல் ‘இருட்டு அறையில் முரட்டு குத்து’ என்று தமிழில் வெளிப்படையாகவே பெரியவர்களுக்கான நகைச்சுவை என்ற பெயரில் வந்த படங்கள் இந்த இரண்டாம் வழியையே பின்பற்றின. இடக்கரடக்கலின் நுட்பம் அவற்றில் இல்லை. எல்லாவற்றையும் உரக்கச் சொல்லிவிட்டால் கேட்பவருக்கு முடித்துக்கொள்ள எதுவும் எஞ்சுவதில்லை.

அலை ஓய்ந்ததற்கு ஒழுக்கம் காரணமாகவில்லை. முதலில் விசிடியும், பின் இணைய மையமும், அதன்பின் கைபேசி நினைவட்டையும் கொட்டகையின் இருட்டைத் தேவையற்றதாக்கின. தனியறையில் தனியாகப் பார்ப்பவர் சிரிப்பதில்லை. குமரி மாவட்டத்திலும் எல்லைக்கு அப்பாலும் பழைய ஒற்றைத்திரைக் கொட்டகைகள் பல திருமண மண்டபங்களாகவும் கடைகளாகவும் மாறிவிட்டன. ஷகீலா 2003இல் ‘ஜெயம்’ போன்ற தமிழ்ப் படங்களில் சிறு நகைச்சுவை வேடங்களுக்கு வந்தார். 2013இல் அவருடைய தன்வரலாறு மலையாளத்தில் வெளியானது. 2020இல் தொடங்கிய ‘குக்கு வித் கோமாளி’ இரண்டாம் பருவத்தில் அவர் சமைப்பதைக் குடும்பங்கள் வீட்டுக்கூடத்தில் அமர்ந்து பார்த்தன. இளம் நடிகர்கள் அவரை அம்மா என்று அழைத்தனர். இருபது ஆண்டுகளுக்குமுன் அந்தப் பெயரைச் சொல்லத் தயங்கிய வீடுகள் அவை. சில்க் ஸ்மிதாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1980இல் ‘வண்டிச்சக்கரம்’ படத்தில் ஏற்ற வேடத்தின் பெயரையே வாழ்நாள் முழுவதும் சுமந்து, 1982இல் ‘மூன்றாம் பிறை’ போன்ற படங்களில் தம் திறனைக் காட்டியும், அவர் 1996 செப்டம்பர் 23 அன்று மறைந்தபோது, அவரை ஒரு நடிகையாக மதித்து எழுதப்பட்ட இரங்கலுரைகள் மிகச் சில. அவருக்குரிய மதிப்பு 2011இல் ‘தி டர்ட்டி பிக்சர்’ வந்தபிறகே பொதுவெளியில் பேசப்பட்டது. அதையும் இந்திக்காரர்கள் செய்ய வேண்டியிருந்தது.

திரையில் தோன்றிய பெண்ணின்மீது பார்வையாளர் கொட்டிய வெறுப்புக்கு மலையாளத் திரையின் பிறப்பே சான்று. அதன் வேர் இந்த மாவட்டத்தில் இருக்கிறது. அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே.சி. டேனியல் தம் சொத்தை விற்று முதல் மலையாளப் படமான ‘விகதகுமாரன்’ என்ற மௌனப் படத்தை எடுத்தார்; அது திருவனந்தபுரம் கேப்பிட்டல் கொட்டகையில் திரையிடப்பட்டதற்கு 1928, 1930 என இரு கணக்குகள் உண்டு. அதில் நாயர் குலப் பெண்ணாக நடித்த பி.கே. ரோஸி தலித் பெண் என்பதற்காகத் திரையின்மீது கல்லெறிந்த கூட்டம் அவரை ஊரைவிட்டே துரத்தியது. அவர் எஞ்சிய வாழ்வைத் தமிழ்ப்பகுதியில் பெயர் மறைந்து கழித்தார். டேனியல் பல்மருத்துவராகப் பிழைத்து, 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் மறைந்தார். அப்படத்தில் பிட்டு எதுவும் ஒட்டப்படவில்லை; தலையில் பூச்சூடிய ஒரு பெண் திரையில் தோன்றியதே போதுமானதாக இருந்தது. ரோஸியைத் துரத்தியதும் ஷகீலாவின் படத்துக்குச் சீட்டு வாங்கிவிட்டு அவரைப் பழித்ததும் ஒரே பார்வையின் இரு செயல்கள் என்று கொள்வதில் மிகையில்லை.

இந்தப் படங்களின் மூலச்சுருள்கள் அழிந்துகொண்டிருக்கின்றன. புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகம் விருதுப் படங்களுக்கு முதலிடம் தருவது இயல்பு. காலைக் காட்சிப் படங்களைப் பேணுவோர் அநேகமாக இல்லை. மூடிய கொட்டகைகளின் பரண்களில் கிடக்கும் சுவரொட்டி, துண்டு விளம்பரம், சீட்டுக்கட்டு, கண்ணாடிச் சிலைடு ஆகியவற்றை எடைக்குப் போடாமல் மாவட்டத்திலுள்ள கல்லூரி நூலகம் ஒன்றில் சேர்க்கவும், படம் ஓட்டியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களுடைய வாய்மொழியைப் பதிவுசெய்யவும் குமரி மாவட்ட ஆசிரியர்களும் மாணவர்களும் முன்வர வேண்டும். வெட்கப்பட்டு ஒதுக்கிய ஒரு படத்துக்கு என்ன நேரும் என்பதை இந்த மாவட்டம் ஏற்கெனவே அறியும். ‘விகதகுமாரன்’ படத்தின் ஓரடிச் சுருள்கூட இன்று இல்லை.